பூட்டி வைத்த படப் புத்தகம்

மதிய இடைவேளை. முதல் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். பொம்மி மட்டும் தன் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். ஆறு வயதாகியும் அவளுக்கு வாய்ப்பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். சொல்ல நினைப்பதைப் படப் புத்தகத்தில் தொட்டுக் காட்டுவாள். அந்தப் புத்தகத்தைச் செய்துகொடுத்த பேச்சுப் பயிற்சியாளர், வகுப்பு டீச்சருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பிடிவாதம் தாங்கல மேடம். பத்து நாளா நாற்காலியில உக்கார மாட்டேங்கிறா. இப்படியே போனா அடுத்த வருஷம் இங்க வச்சுக்க முடியாதுன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க," என்றார் டீச்சர்.

"படப் புத்தகம் எங்க?"

"ரெண்டு வாரமா அலமாரியில பூட்டி வச்சிருக்கேன். கையில படம் இருந்தா வாய் எப்படித் திறக்கும்? அவ நல்லதுக்குத்தான்."

டீச்சர் கெட்டவர் அல்ல. நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் தப்புக்குத்தான் ஆயுசு கெட்டி.

பயிற்சியாளருக்குத் தன் முதல் பயிற்சி அறை ஞாபகம் வந்தது. மாடிப்படிக்கு அடியில், ரசம் போன ஒரு கண்ணாடி, இரண்டு முக்காலிகள், பழைய காலண்டர்களின் பின்பக்கம் அவரே வரைந்த படங்கள். ஒரு குழந்தை முதன்முதலாக "ம்மா" என்றபோது தெருவுக்கே சொல்லிவிட்டு வந்த நாட்கள். இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. அந்த நாட்கள் திரும்பாதா என்று இன்றும் ஏங்குவார். ஆனால் அதில் ஒரே ஒரு நாள் மட்டும் திரும்பவே கூடாது.

"நானும் இதையே செஞ்சிருக்கேன் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு குழந்தை தண்ணிப் படத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுச்சு. வாயால கேளு, தரேன்னு படத்தைப் பிடுங்கிக்கிட்டேன். ஒரு மணி நேரம் தாகத்தோட உக்காந்திருந்துச்சு. அப்புறம் எதையுமே கேக்குறதை விட்டுடுச்சு. அந்த முகம் இன்னும் மறக்கல. பின்னாடி எத்தனையோ பிள்ளைங்க படம் காட்டிக் காட்டியே பேச ஆரம்பிச்சதைப் பார்த்துட்டேன்."

டீச்சர் சாவியை எடுத்தார். எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார்.

பொம்மி புத்தகத்தைக் கிட்டத்தட்டப் பறித்துக்கொண்டாள். மளமளவென்று பக்கம் புரட்டி நாற்காலிப் படத்தைத் தொட்டாள். அடுத்து, முகம் சுளித்து அழும் குழந்தையின் படம். அது வலி.

டீச்சர் குழப்பத்தோடு அவள் நாற்காலியை உள்ளங்கையால் தடவினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பலகை ஓரத்தில் ஓர் ஆணி லேசாகத் தலை நீட்டியிருந்தது.

"பத்து நாளா இதைத்தான் சொல்ல நெனச்சியா கண்ணு?"

பொம்மி தலையாட்டினாள். டீச்சர் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"ஹெச்.எம்.கிட்ட நானே போய்ச் சொல்றேன் மேடம். இவளுக்குப் பேச்சு இருந்திருக்கு. நான்தான் அதைப் பிடுங்கிப் பூட்டிட்டு, பிடிவாதம்னு பேரு வச்சேன். வாயால சொன்னா என்ன, விரலால சொன்னா என்ன? குழந்தை எந்த வழியில சொல்லுதோ, அந்த வழியில கேக்க வேண்டியது நம்ம பொறுப்பு."