பன்னீர் இளைத்த பதினாறு கிலோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கணக்கு என்னுடையதுதான். அதில் பிழை இருந்தது என்று இப்போது அறையில் எல்லோரும் என்மேல் பாய்கிறார்கள். அன்றைக்கு மாடு மாதிரித் தலையாட்டியவர்களும் இவர்கள்தான். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

துபாயில், அல் கூஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப். அறைக்கு ஆறு பேர். நான் அருள்ராஜ், குடோனில் சரக்கு எண்ணி எழுதுகிறவன். எதிர்க்கட்டிலில் பன்னீர்செல்வம், அதே குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். புதுக்கோட்டைப் பக்கம் கீரனூர்க்காரன். காலையில் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவான். உட்கார்ந்தே சம்பாதித்ததில் சம்பளத்தைவிட வயிறு வேகமாக வளர்ந்தது. ஸ்டீயரிங்கைப் பாதி கையும் மீதி வயிறும் திருப்பின. அவனுக்கு மேல்கட்டிலில் சரவணகுமார், எங்களில் இளையவன். மேலே ஏறினால் கட்டில் தாங்காது என்றுதான் பன்னீருக்குக் கீழ்க்கட்டில் கொடுத்திருந்தோம்.

புத்தாண்டு அன்று பன்னீரின் மனைவி மீனாம்பாள் வீடியோ காலில் வந்தாள். அறையில் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னாள். பிறகு ஒரு குண்டைப் போட்டாள்.

"நான் ஸ்கூட்டி ஓட்டப் பழகப் போறேங்க. நீங்க லீவுல வர்றப்ப திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி எடுத்துக்கிட்டு வந்து ஒங்களப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டு வருவேன்."

பன்னீருக்கு ரோஷம் வந்துவிட்டது. பெண்டாட்டி ஒரு சபதம் போடும்போது புருஷன் சும்மா இருக்க முடியுமா?

"அப்ப நானும் வயித்தக் கொறைக்கிறேன். கல்யாணத்தப்ப எழுவத்தெட்டு கிலோ இருந்தேன்ல? அதே எழுவத்தெட்டா வந்து எறங்குறேன் பாரு."

"கொறைக்கலேன்னா பெட்டியத்தான் பின்னாடி கட்டுவேன். நீங்க பஸ்ல வாங்க," என்றாள் அவள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

பன்னீர் தீவிரமாகத்தான் தொடங்கினான். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். ஒரு வாரத்தில் ஒரு பாட்டில் தேன் தீர்ந்தது, எலுமிச்சை அப்படியே இருந்தது. கேம்ப்பைச் சுற்றி ஓடினான். சுற்று முடிகிற இடத்தில் ஷவர்மாக் கடை இருந்தது. படுத்தால் கண்ணில் படும்படி, மேல்கட்டிலின் அடிப்பலகையில் "நான் 78" என்று எழுதி ஒட்டினான். யூடியூபில் தன்னம்பிக்கைப் பேச்சுகளைப் போட்டுவிட்டு இரண்டாவது நிமிடத்தில் குறட்டை விடுவான். நாங்கள் ஐந்து பேரும் தன்னம்பிக்கையோடு கண்ணை விழித்துக்கொண்டு கிடப்போம்.

மார்ச் கடைசியில் மீனாம்பாள் மறுபடி வீடியோவில் வந்தாள். இரண்டு தடவை விழுந்திருக்கிறாள், முழங்காலில் கட்டு. கையில் லைசென்ஸ் கார்டு. பன்னீர் போனை உயரத் தூக்கிப் பிடித்து நெற்றியையும் மூக்கையும் மட்டும் காட்டினான். "இங்க நெட்டு சரியில்ல," என்று அவசரமாக வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"அவ சொன்னத செஞ்சிட்டாண்ணே," என்றான். "நான் இன்னும் தேன்தான் குடிச்சிக்கிட்டு இருக்கேன்."

எனக்கு இரக்கம் வந்தால் கோபம் வந்துவிடும். அவனை இழுத்துக்கொண்டு செய்கு முகம்மது காக்காவின் கார்கோ கடைக்குப் போனேன். அவர் ஊர்ப் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். ஊருக்குப் பெட்டி அனுப்புகிறவர்களின் சரக்கை நிறுக்க அங்கே பெரிய மேடைத் தராசு இருக்கிறது. பன்னீரை அதில் ஏற்றினேன். காக்கா தன் வழக்கப்படி சீட்டு எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்: உருப்படி ஒன்று, எடை தொண்ணூற்று நான்கு கிலோ.

"எந்த ஊருக்கு அனுப்பணும்?" என்று வேறு கேட்டார்.

அந்த வாரமே பன்னீருக்கு ஜூலையில் லீவு உறுதியானது. உடனே அறையில் சண்டையும் தொடங்கியது. லீவில் போகிறவனுடைய பெட்டி அவனுடையது அல்ல, அறைக்குச் சொந்தம். விமானத்தில் முப்பது கிலோ விடுவான் என்றால் பாதி அவனுக்கு, மீதி மற்ற ஐந்து பேருக்கு. அந்தப் பதினைந்து கிலோவுக்குள் என் மகளுக்குச் சாக்லேட், சரவணகுமாரின் கைக்குழந்தைக்குப் பால்பவுடர், அது, இது என்று கேட்டால் யாருக்குத்தான் போதும்? சரவணகுமார் அவன் குழந்தையை இன்னும் நேரில் பார்க்கவில்லை. பால்பவுடர் பொட்டலங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றான்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கணக்கு தோன்றியது.

"டேய் நிறுத்துங்கடா. பன்னீரு, ஒன் ஃபோர்க்லிஃப்ட் தகட்டுல ரெண்டு டன்னுன்னு போட்டிருக்கே, அது சரக்கு எடை மட்டுமா?"

"இல்லண்ணே, அடில இருக்கிற பலகையும் சேத்துத்தான். பலக கனமா இருந்தா சரக்கக் கொறைக்கணும்."

"அவ்வளவுதான். ஏரோப்ளேன்ல நீதான்டா பலக. நீ பதினாறு கிலோ கொறைஞ்சா, பதினாறு கிலோ சரக்கக் கூட ஏத்தலாம்ல?"

ஆறு பேரும் குடோன்காரர்கள். தினமும் அந்தத் தகட்டைப் பார்க்கிறவர்கள். யாருக்கும் இதில் ஓட்டை தெரியவில்லை. சரவணகுமார் கைதட்டினான். சந்தேகத்துக்குக் காக்காவிடமும் கேட்டோம். "விமானத்துக்கு மொத்த எடதானே காக்கா முக்கியம்?" "ஆமாப்பா, மொத்த எடதான்," என்றார் அவர். அவர் சொன்னது பொய்யில்லை. நாங்கள் எதற்குக் கேட்கிறோம் என்று அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சுவரில் அட்டவணை ஒட்டினோம். பன்னீர் இளைக்கப்போகும் முதல் இரண்டு கிலோ சரவணகுமாரின் பால்பவுடருக்கு. அடுத்த ஐந்து என் தம்பியின் சட்டைகளுக்கும் மகளுடைய சாக்லேட்டுக்கும் ஷூவுக்கும். அப்படியே பதினாறு வரைக்கும் பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டோம். அவன் வயிற்றைக் கூறு போட்டு விற்ற மாதிரித்தான் இருந்தது. பன்னீர் பாவம், அதற்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

அன்றிலிருந்து கதை மாறியது. ஒருநாள் ஓட்டலில் நான்காவது பரோட்டாவைப் பிய்க்கப் போனான். எதிரில் இருந்த சரவணகுமார் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணே, அது எம்புள்ள பால்பவுடருண்ணே."

பன்னீரின் கை நின்றுவிட்டது. பரோட்டாவை ஒருமுறை பார்த்தான். அப்படியே தட்டைத் தள்ளிவிட்டான்.

தனக்காக வாயைக் கட்டு என்றால் கட்டத் தெரியாதவன் அவன். அடுத்தவன் பிள்ளையின் பொருளைத் தின்கிறாய் என்றதும் பச்சைத் தண்ணீர்கூட யோசித்துக் குடித்தான். இந்த மாதிரி ஒருவனை எனக்குப் பிடித்துத் தொலைத்தது, என்ன செய்வது. சமையல் முறை எனக்கு வரும் நாட்களில் அவனுக்கு மட்டும் எண்ணெய் இல்லாமல் தனியாகக் குழம்பு வைத்தேன். நன்றாகவே இருக்காது. குறை சொல்லாமல் சாப்பிட்டான்.

விடியலில் நடந்தான். டியூட்டி முடிந்து வரும்போது பஸ்ஸை முன் நிறுத்தத்திலேயே விட்டு இறங்கி நடந்தான். ஒவ்வொரு ஞாயிறும் காக்கா கடையில் உருப்படி ஒன்று நிறுக்கப்பட்டது. தொண்ணூறு. எண்பத்தேழு. பக்கத்து அறையிலிருந்து ரமேஷ் என்பவன் கல்யாண பிரியாணி பார்சல் கொண்டுவந்த வாரம் எண்பத்தெட்டு. அன்று அறையில் பன்னீரோடு யாரும் பேசவில்லை. என் மகளின் ஒரு ஷூ போய்விட்டதே என்று எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. அடுத்த வாரம் எண்பத்தைந்துக்கு இறக்கி ஷூவைத் திருப்பிக் கொடுத்தான்.

ஜூலை வந்தது. சீட்டில் காக்கா எழுதினார்: எழுபத்தெட்டு. அவரே எழுந்து கைகொடுத்தார்.

இவ்வளவையும் பன்னீர் மீனாம்பாளிடம் சொல்லவே இல்லை. நேரில் பார்த்து அவள் அசந்துபோக வேண்டுமாம். கன்னம் ஒட்டியது தெரியாமல் இருக்க, போனை இன்னும் உயரத் தூக்கி, நெற்றியை மட்டும் காட்டிப் பேசினான். அவள் நம்பிக்கையை விட்டுவிட்டாள். "புதுக்கோட்ட பஸ்ஸு ஏர்போர்ட்டு வாசல்லயே நிக்குமாங்க," என்று விசாரித்தும் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனை வழியனுப்ப நானும் விமான நிலையம் போனேன். இரண்டு பெட்டியும் சேர்ந்து நாற்பத்தாறு கிலோ. கவுண்டரில் இருந்த பெண் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

பன்னீர் பதறவில்லை. மார்ச் முதல் ஜூலை வரை காக்கா முத்திரை குத்திய சீட்டுகளை வரிசையாக அவள் முன்னால் அடுக்கினான்.

"மேடம், பிஃபோர் நைன்ட்டி ஃபோர். நவ் செவன்ட்டி எய்ட். சிக்ஸ்டீன் கேஜி லாஸ்."

அவள் சீட்டுகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மலர்ந்த முகத்தோடு, "கங்கிராட்ஸ் சார்," என்றாள். பிறகு, "எக்ஸ்ட்ரா சிக்ஸ்டீன் கேஜி, மாஃபி," என்று, கிடையாது என்பதை அரபியில் சொல்லிப் பெட்டியைத் திருப்பித் தள்ளினாள்.

நான் முன்னால் போய் ஃபோர்க்லிஃப்ட், பலகை எல்லாவற்றையும் இந்தியில் விளக்கினேன். பின்னால் நின்ற கூட்டத்தில் ஒரு தடியனைக் காட்டி, அவனுக்கும் முப்பது இவனுக்கும் முப்பதா, இது நியாயமா என்றும் கேட்டேன். அந்தத் தடியனுக்குத் தமிழும் தெரியும், இந்தியும் தெரியும். ஓரமாக வந்துவிட்டோம்.

"குடுடா, எங்க பதினாறு கிலோவ நான் ரூமுக்கே கொண்டு போயிடுறேன்," என்றேன். என் முகத்தைப் பார்க்க எனக்கே பிடித்திருக்காது.

பன்னீர் பெட்டியைத் திறந்தான். "வேணாண்ணே. சொவத்துல கையெழுத்துப் போட்டது போட்டதுதான். மார்ச்சு வரைக்கும் இந்தப் பதினாறு கிலோவ நான்தான தூக்கிட்டுத் திரிஞ்சேன்? இன்னும் ஒருநாள் தூக்க மாட்டனா?"

பிறகு உடுத்த ஆரம்பித்தான். என் தம்பிக்கு வாங்கிய சட்டைகள் நான்கு, ஒன்றின்மேல் ஒன்றாக. அதன்மேல் ஜாக்கெட் இரண்டு. வயிற்றைச் சுற்றித் துண்டில் சாக்லேட் பொட்டலங்கள். முதுகில் பாதாம், பேரீச்சம்பழம். பழைய நாற்பது அங்குலப் பேன்ட்டுக்குள் எவ்வளவு இடம் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இளைத்த இடத்தில் எல்லாம் பார்சல் போய் உட்கார்ந்துகொண்டது. செக்யூரிட்டியில் எல்லாவற்றையும் கழற்றி ஒன்பது டிரேயில் வைத்து, அந்தப் பக்கம் போய் மறுபடி மாட்டினான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் அறையில் என் போன் அடித்தது. மீனாம்பாள், வீடியோவில். திருச்சி விமான நிலைய வாசலில், போனை ஸ்கூட்டியின் முன்னால் செருகி வைத்துவிட்டு நின்றாள். புதுப்புடவை, கையில் ஹெல்மெட் இரண்டு. ஐந்து பேரும் போனைச் சுற்றிக் குவிந்தோம்.

"ஒங்க ஃப்ரெண்டு இன்னும் வெளிய வரலண்ணே," என்றாள். இரண்டாவது ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வந்தான். அய்யோ, அந்த வருகையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தொண்ணூற்று நான்கு கிலோ பன்னீர்செல்வம், மார்ச் மாதம் இருந்தபடியே, கைகள் இரண்டும் உடம்பில் ஒட்டாமல், ஜாக்கெட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டு தள்ளுவண்டியோடு வந்தான்.

மீனாம்பாளின் முகம் விழுந்துவிட்டது. அவள் கோபப்பட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். இரண்டாவது ஹெல்மெட்டை மெதுவாக வண்டியிலேயே மாட்டிவிட்டு, "வாங்க," என்றாள். "பெட்டியக் குடுங்க, பின்னாடி கட்டுறேன். பஸ்ஸு அங்கிட்டு நிக்கிது."

என் கணக்கால் அல்லவா இப்படி ஆயிற்று! "தங்கச்சி, அவன் இளைச்சிட்டாம்மா!" என்று கத்தினேன். சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

பன்னீர் தள்ளுவண்டியை நிறுத்தினான். முதல் ஜாக்கெட்டைக் கழற்றினான். இரண்டாவதைக் கழற்றினான். "இது அருள்ராஜ் அண்ணன் தம்பிக்கு," என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு சட்டையாக உருவி ஸ்கூட்டியின்மேல் போட்டான். முதுகிலிருந்து பாதாம் வந்தது. வயிற்றிலிருந்து உருகிய சாக்லேட் வந்தது. "இது சரவணகுமார் புள்ளைக்கு," என்று ஒவ்வொரு தொடையிலிருந்தும் ஒரு பொட்டலம் பால்பவுடரை எடுத்தான். கூட்டம் கூடிவிட்டது. ஒரு போலீஸ்காரர் விரட்ட வந்தவர், அடுத்து எங்கிருந்து என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கடைசியில் பனியனோடு, நழுவுகிற பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி நின்றான். இன்னொரு கையால் காக்காவின் சீட்டை நீட்டினான். உருப்படி ஒன்று, எடை எழுபத்தெட்டு கிலோ.

மீனாம்பாள் சீட்டைப் படித்தாள். அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்த முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹெல்மெட்டை எடுத்து அவளே அவன் தலையில் மாட்டினாள்.

பெட்டிகளையும் துணிமூட்டையையும் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றி, லக்கேஜ் டிக்கெட் போட்டு, கீரனூரில் இறக்கச் சொல்லி கண்டக்டரிடம் ஒப்படைத்தாள். அப்புறம்தான் போனில் நாங்கள் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது.

"அண்ணே, ஒங்க பார்சலெல்லாம் பஸ்ல வருது," என்றாள். "என் பார்சல நான் கூட்டிட்டுப் போறேன்."

போனை அணைத்தேன். டிசம்பரில் நான் லீவில் போகிறேன், அந்தக் குழந்தைக்கு இன்னும் ஏதாவது வாங்கிக் கொடு என்று சொல்லலாம் என்று சரவணகுமாரின் பக்கம் திரும்பினேன்.

அவன் ஏற்கெனவே என் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.