இறக்கத்துக்கு முன் ஓர் உறுமல்

தோருனுக்கு இறக்கத்தைக் கண்டால் பயம். ஏற்றம் பரவாயில்லை, ஏற்றத்தில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு இறங்கி நடக்கலாம். இறக்கத்தில் வண்டிக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிடும். அவள் பிறந்து வளர்ந்த வீடு மலைமேல். கடை, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் கீழே, மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் ஃபியோர்டின் கரையில். அதனால் ஆயுள் முழுக்க அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. சின்னப் பெண்ணாகப் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும்போது, ரொட்டி வேன் ஒன்று ஒரு வளைவில் திரும்பாமல் நேராகப் போனதைப் பார்த்தவள் அவள். ஓட்டியவர் பிழைக்கவில்லை. ஊரார் அந்த இடத்துக்கு ரொட்டி வளைவு என்று பேர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். தோருனுக்கு மட்டும் அன்று மூக்கில் ஏறிய கருகிய பிரேக்கின் நாற்றம் இறங்கவேயில்லை.

அவள் கணவன் ஆஸ்கெய்ர் கிழக்கே சமவெளிக்காரன். அவன் ஊரில் ஒரு மேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் எருக்குவியலுக்குத்தான் போகவேண்டும். கல்யாணமாகி மலைக்கு வந்த நாள் முதல் மனைவியின் பயம் அவனுக்கு ஒரு வேடிக்கை. அவளும் சும்மா இருப்பவள் அல்ல. படகு ஆடினால் பயம், புகைபோக்கி முனகினால் பயம், ஏரியில் பனிக்கட்டி விரிசல் விட்டால் பயம். புலி வருது புலி வருது என்று எத்தனை தடவைதான் சொல்வாள்? "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று சொல்லிவிட்டு அவன் காப்பியை ஊற்றிக்கொள்வான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவன் கை வைத்தது மாமனார் குன்லெய்க்கின் பழைய ஸாப் காரில். அவர் போன நாளிலிருந்து அது வைக்கோல் கொட்டகையில் தார்ப்பாயை மூடிக்கொண்டு கிடந்தது. அந்த வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் ஞானஸ்நானத்துக்குப் போனது அந்த வண்டியில்தான். தோருன் போனாள், அவள் மகள் சுன்னிவா போனாள். இப்போது சுன்னிவாவுக்கு ஒரு பெண் குழந்தை, சிக்னே. அவளுடைய ஞானஸ்நானத்துக்குள் வண்டியை எழுப்பிவிடுவது என்று ஆஸ்கெய்ர் சபதம் போட்டான்.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் தீப்பொறி பறந்தது. துரு தின்ற தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். பழைய இன்ஜினைத் தூக்கிப்போட்டு, பின்னால் வந்த மாடலின் பெரிய இன்ஜினைப் பொருத்தினான். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டான். குழந்தையின் இருக்கைக்காகப் பின்னால் புது பெல்ட் மாட்டினான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ராத்திரி சாப்பாட்டு மேஜையிலும் அவன் வாயில் கார்தான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே துருப்பிடித்த கைப்பிடி ஒன்று நீட்டிக்கொண்டு அவன் முழங்காலை இடித்தது. ஃப்ரீவீல் கைப்பிடி. சைக்கிளில் மிதிப்பதை விட்டுவிட்டால் சக்கரம் தானாக உருளுமே, அதுபோல இந்தக் கார்களிலும் காலை எடுத்தால் இன்ஜின் தன்பாட்டுக்கு இருக்க, வண்டி தன்பாட்டுக்கு உருளும். கைப்பிடியை இழுத்தால் இன்ஜினும் சக்கரமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஆஸ்கெய்ர் அதைக் கழற்றிச் சமையலறை இழுப்பறையில், பாட்டில் திறப்பான்களோடு போட்டுவிட்டான்.

"அப்பா அதை இழுப்பாரு," என்றாள் தோருன்.

"எங்க வீட்டு வண்டிலயும் இதே இருந்துச்சு. ஒரு நாள்கூட யாரும் தொட்டதில்ல. ஃப்ரீயா உருண்டா பெட்ரோல் மிச்சம். உங்கப்பா எதுக்கு இழுப்பாரு?"

"தெரியல. இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துல, பால் கேன் வைக்கிற மேடை இருக்கில்ல, அங்க வந்ததும் இழுத்துட்டு வண்டிய ஒரு உறுமு உறும வைப்பாரு. ஏன்னு கேட்டா, மலைக்கு வணக்கம் சொல்றேன்னுவாரு."

ஆஸ்கெய்ர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மலைக்கு வணக்கமா? நல்ல குடும்பத்துல வந்து மாட்டினேன் போ."

அவளும் சிரித்துவிட்டாள். அதுதான் பின்னால் அவளுக்கு ஆறவேயில்லை.

வண்டி தகுதிச் சோதனையில் தேறியது. ஆனால் சோதனை நடந்த ஊர் மேட்டுநிலத்தின் மறுபக்கம். போகிற வழியெல்லாம் ஏரிக்கரையோரச் சமதளம். கீழ்ப்பக்கம் அந்த வண்டி இறங்கவேயில்லை. ஞானஸ்நானத்தன்று காலை தோருன் அதைச் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னிக்கு மட்டும் கரண்ட் கார்ல போயிடலாமே ஆஸ்கெய்ர். குழந்தை இருக்கு."

"இந்த வண்டிய எழுப்பினதே குழந்தைக்காகத்தான்."

"அம்மா, விடு," என்றாள் சுன்னிவா. "நானும் இதுலதானே போனேன். எனக்கு என்ன ஆச்சு?"

அப்பாவும் பெண்ணும் ஒரு கட்சி. தோருன் விசேஷ நாளின் கம்பளிப் பாவாடையை வாரிக்கொண்டு, மார்பில் குத்திய வெள்ளிப் பதக்கம் குலுங்க, முன்னிருக்கையில் ஆஸ்கெய்ருக்கு வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் சுன்னிவா, அவள் பக்கத்தில் தன் இருக்கையில், பாதத்துக்குக் கீழே முழ நீளம் தொங்கும் வெள்ளை அங்கியில் சிக்னே. குழந்தையின் அப்பா கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்பவன். நேராகப் படகுத்துறையிலிருந்து தேவாலயத்துக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

பால் மேடை வந்தது. தோருனின் கை தானாகக் கதவுப் பிடியைப் பற்றியது.

"மலையே, வணக்கம்," என்று ஆஸ்கெய்ர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். சுன்னிவா சிரித்தாள். சாலை கீழே கவிழ்ந்தது.

முதல் வளைவு சுகமாகத்தான் இருந்தது. ஆஸ்கெய்ர் காலை எடுத்தான். இன்ஜின் நின்ற இடத்தில் நிற்பதுபோல் மெதுவாகத் தொக்கு தொக்கு என்று முனக, வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. "கேட்டியா, எவ்வளவு அமைதி," என்றான். பத்து வருடமாக அவன் ஓட்டியது கரண்ட் கார். அதில் காலை எடுத்தாலே வண்டி தானாக அடங்கும். இது அடங்கவில்லை. ஆகவே பிரேக்கை மிதித்தான். அடுத்த வளைவிலும் மிதித்தான். இரண்டு வளைவுக்கும் நடுவே நீண்டு கிடந்த சரிவு முழுவதும் மிதித்துக்கொண்டே வந்தான்.

நாற்றம் தோருனுக்குத்தான் முதலில் எட்டியது.

"பிரேக் காயுது."

"புதுசு இல்லையா, முதல்ல கொஞ்சம் வாசனை வரும்."

"ஆஸ்கெய்ர், நிறுத்து."

"ஆரம்பிச்சுட்டியா? இது டிஸ்க், தோருன். உங்கப்பா காலத்துச் சாமான் இல்ல."

அடுத்த வளைவில் வண்டி அகலமாகத் திரும்பி, வெளிப்பக்கக் கல்லை உரசுவதுபோல் போனது. கீழே ஃபியோர்டு பச்சையாகத் தெரிந்தது. தோருன் சாலையைப் பார்க்கவில்லை, கணவனின் காலைப் பார்த்தாள். பிரேக் பெடல் தரைவரை போயிற்று. எடுத்து மறுபடி மிதித்தான். மறுபடியும் தரை. சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்து, பெடலில் பிடிப்பே இல்லாமல் போயிருந்தது. அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ, காது மட்டும் சிவந்திருந்தது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் அவள் பயத்துக்குப் பதில் சொல்லாமல் அவன் இருந்தது அதுதான் முதல் தடவை. அதனாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, மெதுவா," என்றாள் சுன்னிவா பின்னாலிருந்து.

ஆஸ்கெய்ர் கியரை இரண்டாவதுக்குத் தள்ளினான். மற்ற வண்டி எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் இன்ஜின் அலறிப் பிடித்திருக்கும். இது அதே தொக்கு தொக்குதான். வேகம் ஏறிக்கொண்டே போக, இன்ஜின் மட்டும் வீட்டு வாசலில் நிற்பதுபோல் நிதானமாக முனகிக்கொண்டிருந்தது. தோருன் வாழ்நாளில் கேட்ட சத்தங்களிலேயே கொடுமையானது அந்த நிதானம்தான்.

"ஃப்ரீவீல்," என்றான் அவன், காற்றுப்போன குரலில். கைப்பிரேக்கை இழுத்தான். வண்டியின் பின்பகுதி ஆட்டம் போட்டு, குழந்தை இருந்த பக்கம் பாறையை நோக்கி வீசியது, உடனே பிடியை விட்டுவிட்டான்.

"கைப்பிடி எங்க?"

"வீட்ல. இழுப்பறையில."

அவளுக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. அதற்கும் நேரமில்லை. பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு குனிந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே, அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், கைப்பிடி இருந்த துளையில் வெறும் கம்பி விரல் நீளம் துருத்திக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தாள். வழுக்கியது. பாவாடை நுனியைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள். கம்பி துணியைக் கிழித்து, உள்ளங்கையைக் கிழித்து, வெளியே வந்தது.

ஒன்றும் ஆகவில்லை. தொக்கு, தொக்கு.

"ஓடறப்ப பூட்டு விழாது," என்றான் ஆஸ்கெய்ர். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "இன்ஜின் ஒரு வேகம், சக்கரம் ஒரு வேகம். எப்படிச் சேரும்?"

தோருன் நிமிர்ந்தாள். கீழே அடுத்த சரிவின் முடிவில் ரொட்டி வளைவு தெரிந்தது. அதற்கு முன்னால், வெயிலில் சூடேறிய தாரில், ஆடுகள் படுத்திருந்தன. அப்போது அவளுக்கு அப்பாவின் கை ஞாபகம் வரவில்லை. கால்தான் ஞாபகம் வந்தது. கைப்பிடியை இழுத்ததும், இறக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் பழைய பூட்ஸ். மலைக்கு வணக்கம்.

"ஆக்ஸிலேட்டரை மிதி," என்றாள்.

"என்னது?"

"ஆக்ஸிலேட்டரை மிதி ஆஸ்கெய்ர். ஒரே மிதி. இன்ஜின் ஓடி வந்து சக்கரத்தைப் பிடிக்கணும். அப்பா அப்படித்தான் பண்ணுவாரு."

"பைத்தியமா உனக்கு? இந்தச் சரிவுல ஆக்ஸிலேட்டரா? பின்னால குழந்தை இருக்கு."

"அதுக்குத்தான் சொல்றேன். மிதி."

அவன் மிதிக்கவில்லை. அவன் கால் அந்தச் செத்த பெடலையே குத்திக்கொண்டிருந்தது. அவனைக் குறை சொல்லி என்ன? பள்ளத்தில் விழுகிறவனிடம் இன்னும் வேகமாகப் போ என்றால் யார் கேட்பார்கள், அதுவும் பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியவள் சொன்னால்?

தோருனுக்குச் சாவைவிட அந்த மிதிதான் பயமாக இருந்தது. கண்ணில் நீர் வந்து சாலை கலங்கியது. கம்பியை இழுத்த கையை விடாமல், பாவாடையோடு இடது காலைத் தூக்கி அவன் காலுக்கு இந்தப் பக்கம் வைத்து, ஆக்ஸிலேட்டரை முழு பலத்தோடு மிதித்தாள்.

இன்ஜின் அலறியது. சுன்னிவாவும் அலறினாள். வண்டி முன்னால் பாய்ந்து, ஒரு கணம் எல்லாமே முடிந்துபோனது போலிருந்தது. பிறகு அடியில் எங்கேயோ டக் என்று ஒரு சத்தம், கதவின் தாழ் விழுவதுபோல. தோருன் காலை எடுத்தாள்.

பெல்ட் நெஞ்சை அழுத்தியது. இன்ஜின் பெருங்குரலில் கத்திக்கொண்டே வண்டியைப் பின்னால் பிடித்து இழுத்தது. ஆஸ்கெய்ர் ஹாரனை விடாமல் அழுத்த, ஆடுகள் மணி குலுங்க எழுந்து வழி விட்டன. கடைசி ஆடு ஒன்று முன்விளக்கில் இடித்துக்கொண்டு ஓடியது. ரொட்டி வளைவில் வண்டி ஓரக்கல்லை உரசியது, ஆனால் திரும்பியது. அதைத் தாண்டி, மரம் ஏற்றும் லாரிகளுக்காக வெட்டியிருந்த மேடான மண்பாதையில் அவன் வண்டியை ஏற்றினான். அது ஏறி, தயங்கி, நின்றது. கைப்பிரேக்கை இழுத்தான். இன்ஜின் தானாக அணைந்தது.

இதுவரை தூங்கிக்கொண்டிருந்த சிக்னே, வண்டி நின்றதும் விழித்து அழுதாள்.

சுன்னிவா பெல்ட்டைக் கழற்ற முடியாமல் தடுமாறி, கடைசியில் குழந்தையை இருக்கையிலிருந்து பிடுங்குவதுபோல் எடுத்து நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். ஆஸ்கெய்ர் இறங்கிப்போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். திரும்பி வந்து மனைவியின் உள்ளங்கையைப் பார்த்தான்.

"நீ சொன்னே," என்றான்.

"முப்பது வருஷமா சொல்றேன். முப்பது வருஷமா நீ சிரிக்கிற."

"ஆமா."

"எனக்கு அவமானமா இருக்கும், தெரியுமா? ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அவமானமா இருக்கும். இன்னிக்கு அதனாலதான் பால் மேடைகிட்ட வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்."

அவன் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அவள் கையில் கட்டினான். முடிச்சுப் போட அவனுக்கு வரவில்லை; சுன்னிவாதான் போட்டாள்.

மிச்ச வழியை நடந்தே இறங்கினார்கள். தேவாலயத்தின் மணி அடித்து ஓய்ந்திருந்தது. பாதிரியார் காத்திருந்தார், மருமகன் வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அங்கியின் நுனியில் தோருனின் ரத்தம் ஒரு துளி பட்டிருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. தலையில் தண்ணீர் பட்டதும் சிக்னே வீறிட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் தோருனால் மூச்சுவிட முடிந்தது.

இழுத்துவந்த வண்டி மறுபடியும் கொட்டகைக்குள் போயிற்று. அதை ஆஸ்கெய்ர் விற்றுவிடுவான் என்று தோருன் நினைத்தாள். விற்றுவிடட்டும் என்றும் நினைத்தாள். ஆனால் அவன் பிரேக்கை முழுக்கப் பிரித்துச் செய்தான், கீழ் ஊரிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவரை வரவழைத்துச் சரிபார்த்தான். அதன் பிறகும் நாலைந்து நாள் உள்ளே என்னவோ குடைந்துகொண்டிருந்தான். சாப்பாட்டு மேஜையில் காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு மத்தியானம் பாட்டில் திறப்பான் தேடப்போனபோது இழுப்பறையில் கைப்பிடியைக் காணோம். தோருன் கொட்டகைக்குப் போனாள். ஆஸ்கெய்ர் முன்கதவைத் திறந்து பிடித்தான். கைப்பிடி துரு போகத் தேய்த்து மாட்டப்பட்டிருந்தது. ஆனால் ஸ்டியரிங்குக்குக் கீழே அல்ல. புதுக் கம்பி விட்டு, டாஷ்போர்டின் வலப்பக்கம், அவள் உட்காரும் இடத்துக்கு நேராக.

"உன் பக்கம் வச்சுட்டேன்," என்றான்.

மறுநாள் இருவர் மட்டும் கிளம்பினார்கள். பால் மேடை வந்ததும் ஆஸ்கெய்ர் வண்டியை நிறுத்தியே விட்டான். கைகளை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவன் நெற்றியில் வியர்வை.

"எப்ப சரின்னு தோணுதோ, அப்ப இழு," என்றான். "நான் மிதிக்கிறேன்."

தோருனுக்கு அன்றைக்கும் பயம்தான். ஆனால் இந்தத் தடவை பயந்தது அவள் மட்டும் அல்ல. அவள் கைப்பிடியை இழுத்தாள்.