அ. பிச்சை என்ற கையெழுத்து

நூர்னிசாவின் அத்தா பிச்சை முகம்மது ராஜபாளையத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். 1983இல் அவள் ஏழாம் வகுப்பு படித்தபோது, மதுரையிலிருந்து வந்த பேப்பர்க் கட்டு ஒன்றில் ஆங்கில மல்யுத்தப் பத்திரிகைகள் இருந்தன. வழவழத்த தாள் பொட்டலம் மடிக்க ஆகாது என்று அத்தா ஒதுக்கிப் போட்டதை அவள் எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு கடைக்கு வந்த எல்லாக் கட்டுகளையும் அவள்தான் முதலில் அவிழ்த்தாள்.

எழுத்து புரியவில்லை. படங்கள் புரிந்தன. கையை முறுக்கினால் முதுகில் எந்தச் சதை எழும்பும், கழுத்து நெரிபட்டவன் கால்விரலை எப்படி மடக்குவான் என்று பார்த்துப் பார்த்து நோட்டின் பின்பக்கங்களில் வரைந்தாள். அம்மா மாஜிதா ஒருநாள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"துணியில்லாத ஆம்பளயளத்தான் வரையணுமாட்டி ஒனக்கு?" என்று விளக்குமாற்றால் அடித்தாள். நூர்னிசா வரைவதை விடவில்லை. ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டாள்.

பத்தாவதோடு படிப்பு நின்றது. அண்ணன் அல்லா பிச்சை சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் விளையாடும் மல்யுத்தச் சீட்டுக்குப் படம் வரைய அச்சகத்தார் ஆள் தேடியபோது, அவனுக்குத் தங்கையின் நோட்டு நினைவுக்கு வந்தது.

"பொம்பளப் புள்ள வரைஞ்சதுன்னா மொதலாளி தொடமாட்டாரு. எம் பேரப் போட்டுக் குடு. கொஞ்ச காலந்தான், பொறவு சொல்லிக்கிடலாம்" என்றான்.

படங்களின் மூலையில் அவளே 'அ. பிச்சை' என்று எழுதிக் கொடுத்தாள். 1990இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் செருப்புக் கடை வைத்திருந்த அபுபக்கருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும், அண்ணன் மாதம் ஒருமுறை வந்து படம் வாங்கிப் போனான்.

1996இல் அச்சகக்காரர்கள் சங்கம் அல்லா பிச்சைக்குச் சிறந்த ஓவியர் விருது அறிவித்தது. விழா ராஜபாளையத்தில். 'மேடையில ஒன்னயப் பத்திச் சொல்லுவேன்' என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்ததால், அவள் கல்யாணப் பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு கணவனுடன் போனாள்.

சால்வை போட்டதும் அல்லா பிச்சை மைக்கைப் பிடித்தான். "எங்க அத்தா கடைக்கு மதுரையில இருந்து ஒரு கட்டு வந்துச்சு. அதுல மல்யுத்தப் புஸ்தகம். எங்கம்மாகிட்ட வெளக்குமாத்தடி வாங்கிக்கிட்டே வரைஞ்சு பழகுனேன்."

கூட்டம் கைதட்டியது. அம்மாவிடம் அவன் ஒருநாளும் அடி வாங்கியவனில்லை. நூர்னிசா பக்கத்திலிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சங்கத் தலைவர் மேடையில் இருந்த கரும்பலகையைக் காட்டி, ஒரு படம் வரையச் சொன்னார். அல்லா பிச்சை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "சுளுக்கு. எந் தங்கச்சி வந்திருக்கு. எங்கிட்டப் படிச்சதுதான், வரையும்."

நூர்னிசா எழுந்து போனாள். வரைந்தால் இத்தனை நாளும் வரைந்தது யார் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தாள். ஒருவனை ஒருவன் தலைக்கு மேல் தூக்கி நிற்பதை ஐந்தே நிமிடத்தில் வரைந்து, கீழே 'நூர்னிசா' என்று எழுதினாள். தலைவர் கிட்டே வந்து பார்த்தார்.

"அப்படியே அண்ணன் கை. நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காரும்மா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அபுபக்கர், "ஒன்னயும் மேடையேத்திட்டாவளே" என்று சந்தோஷப்பட்டான்.

அடுத்த மாதம் படம் வாங்க அண்ணன் வந்தபோது அவள் சொன்னாள்: "இனி வரையமாட்டேன்."

"ஏட்டி, அத்தன பேரு முன்னால கூப்பிட்டேனே, இன்னும் என்ன?"

"அம்மாகிட்ட நீ என்னைக்கு அடி வாங்குன?"

"மேடையில ஒரு பேச்சுக்குச் சொல்லுததுதான்" என்று சிரித்தான். செத்த நேரம் காத்திருந்துவிட்டுப் போனான்.

அவள் விட்டதால் எதுவும் நிற்கவில்லை. பழைய படங்களைப் பார்த்து வரைய அச்சகம் வேறொருவனை வைத்துக்கொண்டது. அவனும் மூலையில் 'அ. பிச்சை' என்றே எழுதினான்.

ரம்ஜான் அன்று புதுச்சேலையோடு வந்த அம்மா, "கூடப் பொறந்தவன் பேரெடுத்தா சந்தோசப்படணும். ஒனக்கு ஏன்ட்டி இம்புட்டுப் பொறாம?" என்று கேட்டாள்.

நூர்னிசா சேலையை வாங்கிப் பீரோவில் வைத்தாள். பிறகு வந்து அம்மாவுக்குச் சோறு போட்டாள்.