வீடு மீளும் வயது

அறுபது வயதில் வீடு தன் கைக்கு வந்துவிடும் என்றுதான் பாண்டித்துரை நம்பியிருந்தார். லோன் வாங்கின அன்று லோன் கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஐம்பத்தெட்டில் தேயிலை ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆனதும் சர்வீஸ் காசு வரும்; அதைக் கொண்டு மிச்சத் தவணைகளை ஒரே மூச்சில் அடைத்துவிட்டு, மலையை விட்டு மறையூருக்கு இறங்கிவிடலாம். மனைவி முத்துப்பேச்சியிடம் இதை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவளும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொள்வாள்.

மூணாறுக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் அவர் பிறந்ததும் வளர்ந்ததும் கல்யாணம் செய்ததும் லயத்து வீட்டில்தான். ஒற்றை அறை, ஒரு அடுப்படி. அதுவும் எஸ்டேட் கம்பெனியின் வீடு. வேலை இருக்கும்வரை இருக்கலாம். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். போக இடமில்லாமல் உறவுக்காரர் வீட்டு வாசல்களில் நின்றவர்களை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பயத்தில் கட்டினதுதான் மறையூர் வீடு. பால் காய்ச்சின அன்று ஒரு ராத்திரி எல்லாரும் அங்கே படுத்திருந்தார்கள். மறுவாரமே ஒரு ரிசார்ட்டுக்காரர் தன் வேலையாட்களைத் தங்கவைக்க வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அந்த வாடகை அப்படியே தவணைக்குப் போனது.

ரிட்டயர் ஆக இரண்டு மாதம் இருக்கையில், எவ்வளவு பாக்கி என்று கேட்டுவர மூணாறிலிருந்த லோன் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த யோகப்பிரியா என்ற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தாள்.

"அங்கிள், உங்களுக்கு இப்ப ஐம்பத்தெட்டுதானே? எழுபத்தொண்ணுல முடியும்."

"எழுபத்தொண்ணா? அறுபதுல முடியும்னுல்ல சொன்னாக?"

"வட்டி ஏறிடுச்சு அங்கிள். தவணைத் தொகையைக் கூட்டாம வருஷத்தக் கூட்டிட்டாங்க. கொரோனா சமயத்துல கட்டாம விட்ட மாசங்களுக்கும் வட்டி சேந்திருக்கு. உங்க போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே."

வந்திருக்கும். இங்கிலீஷில் வரும் மெசேஜ்களை அவர் திறந்ததே இல்லை.

"சர்வீஸ் காசு வந்தா கொஞ்சம் கட்டிருவேன், தாயி."

"கட்டுனா குறையும். எப்ப வரும்?"

அதே ஃபேக்டரியில் போன வருஷம் ரிட்டயர் ஆன நல்லதம்பிக்கே இன்னும் வரவில்லை. எஸ்டேட் நஷ்டத்தில் ஓடுகிறது, பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி மறையூருக்குப் போனார். வீட்டு முன்னால் கொடியில் ரிசார்ட் சட்டைகள் ஒரே நிறத்தில் வரிசையாகக் காய்ந்தன. முத்துப்பேச்சி ஆசைப்பட்டு வைத்த அடுப்படி ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வடநாட்டுப் பையன் தலை நிமிர்ந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கையால் கேட்டான். பாண்டித்துரை ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

குடிவந்தால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் தவணை நிற்கும். தவணை நின்றால் ஜப்தி. விற்றால் கடன் போக ஒன்றும் மிஞ்சாது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே திருப்பித் திருப்பி யோசித்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வீட்டுக்குள் போக வழியில்லை. லயத்து வீட்டிலேயே இருந்துகொள்ள மட்டும் ஒரு வழி இருந்தது. பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட்டில் தொழிலாளியாகப் பேர் பதிந்தால் வீட்டை அவர் பேருக்கு மாற்றிக் கொடுப்பார்கள். பாண்டித்துரைக்கு இருப்பது ஒரே பிள்ளை, மகள் சிவசங்கரி. பி.காம் முடித்துவிட்டு, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். சம்பளத்தில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சுவது சொற்பம். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. அவர் வம்சத்தில் முதல் நாற்காலி.

ஓணம் லீவுக்கு அவள் வந்தபோது முத்துப்பேச்சிதான் விஷயத்தைச் சொன்னாள். சிவசங்கரி தட்டில் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த வீட்ட எப்பக் காலி பண்ணணும்?"

"ரிட்டயர் ஆன மாசமே," என்றார் பாண்டித்துரை.

"எங்க போவீக?"

அவர் குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் பேர் பதியட்டுமாப்பா?"

வேண்டாம் என்ற சொல் அவர் வாய்க்குள்ளேயே இருந்தது. அதை வெளியே சொல்லத்தான் அவர் அவளைப் படிக்கவைத்தார். சொல்லியிருந்தால் அவள் திங்கட்கிழமை பஸ் ஏறியிருப்பாள். அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். குடித்து முடித்த பிறகும் செம்பைக் கீழே வைக்கவில்லை. சிவசங்கரி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சோற்றுக்குக் குனிந்துகொண்டாள். முத்துப்பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

எஸ்டேட் ஆபீஸில் எல்லாம் சுலபமாக நடந்தது. கொழுந்தெடுக்க ஆள் கிடைக்காமல் வடக்கேயிருந்து கூட்டிவந்துகொண்டிருந்த காலம் அது. பதிந்துகொண்ட அதிகாரி மலையாளி, நல்ல மனிதர்.

"டிகிரி படிச்ச குட்டியாணல்லோ," என்று, படித்த பிள்ளைக்கு இந்த வேலையா என்பதுபோல், தயங்கினார். பிறகு பாண்டித்துரையைத் தேற்றுவதுபோல, "இனி பேடிக்க வேண்டா, பயமே வேண்டாம். இவ ரிட்டயர் ஆகுற வரைக்கும் வீடு உங்களுக்குத்தான்," என்றார்.

பாண்டித்துரை அவருக்குக் கும்பிடு போட்டார். வெளியே வந்த பிறகுதான் 'இவ ரிட்டயர் ஆகுற வரைக்கும்' என்ற அந்த வார்த்தை முழுதாக உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மயக்கமா வருதாப்பா?"

"இல்லத்தா. வெயிலு."

வெயிலே இல்லை. மலை முழுக்க மூட்டம் போட்டிருந்தது.

அவர் ரிட்டயர் ஆன வாரமே ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். சர்வீஸ் காசு வரவில்லை. சிவசங்கரி முதல் மாதம் தினமும் கைவிரல் வெடித்து வந்தாள். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து கால் புண்ணானது. கஞ்சிக்கோட்டுச் சிநேகிதிகளின் போனை எடுப்பதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முத்துப்பேச்சி அவள் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். டியூட்டிக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, சிவசங்கரி சாதாரணமாகக் கேட்டாள்.

"லோன் முடியறப்ப உங்களுக்கு எழுபத்தொண்ணு, இல்லப்பா?"

"ஆமா."

"எனக்கு முப்பத்தாறு."

அதில் கோபம் ஒன்றும் இல்லை. கணக்குப் படித்தவள், கூட்டிப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான். பாண்டித்துரை சட்டைப் பொத்தானைப் போட்டார். கடைசிப் பொத்தான் மாறிப் போயிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மேலிருந்து மறுபடியும் போட ஆரம்பித்தார்.