தூக்காமல் இருக்க ஒரு தேர்வு

லோர்னா ஸ்டிடம் தேர்வில் தோற்க ஐந்து விநாடிதான் ஆயிற்று. அதற்கு முன்பு வரை அவளிடம் ஒரு குறையும் இல்லை. கை கழுவினாள். நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டாள். சக்கர நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் தாங்கிகளை மடக்கி ஒதுக்கினாள். விழாமல் பிடித்துக்கொள்வதற்கான பட்டையை இடுப்பில் கட்டி, உள்ளே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். பிறகு, "இப்ப எழுந்திரிங்க" என்றாள்.

நோயாளியாக உட்கார்ந்திருந்த டெஸ்ஸா எழவில்லை. அவளும் அதே வகுப்பு மாணவிதான், இருபத்திரண்டு வயது, நேற்றுவரை வாலிபால் ஆடியவள். எழாமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது விநாடியில் லோர்னாவின் வலது கை யாரையும் கேட்காமல் போய் டெஸ்ஸாவின் இடது அக்குளில் நுழைந்தது. அடுத்த மூச்சில் டெஸ்ஸா நின்றுகொண்டிருந்தாள். தள்ளாட்டம்கூட இல்லை. பத்தொன்பது வருடம் ஆட்களைத் தூக்கிய கையல்லவா.

ஆசிரியை நேடா ராட்லிஃப் பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது, லோர்னாவைவிடப் பதின்மூன்று வயது சிறியவள்.

"இப்ப எழுந்திரிச்சது யாரு, லோர்னா?"

"டெஸ்ஸா, மேடம்."

"டெஸ்ஸா எழுந்திரிக்கல. நீங்க தூக்குனீங்க. அதுவும் விழுந்துபோன பக்கத்துத் தோளைப் பிடிச்சு."

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வன்று நோயாளியாக உட்காருபவர் ஒரு பழைய காபி டப்பாவுக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். தனக்கு என்ன கோளாறு, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அதில் இருக்கும். தேர்வு எழுதுபவருக்குப் பாதிதான் சொல்வார்கள். பக்கவாதம், இடது பக்கம் பலவீனம் என்று லோர்னாவுக்குச் சொல்லியிருந்தார்கள். மீதியை நேடா இப்போது வாங்கிப் படித்துக் காட்டினாள்: "சொன்னது மனதில் பதிய முப்பது விநாடி ஆகும். அவகாசம் கொடுத்தால் தானே எழுவார்."

தோற்றவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அதிலும் தோற்றால் பிசியோதெரபி உதவியாளர் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம் போட்டு, வரிசையில் நின்று, முதலிலிருந்து தொடங்கலாம். லோர்னாவுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று மிச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. அவள் தோளைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இப்படியே இன்னும் இரண்டு வருடம் ஆட்களைத் தூக்கினால் உன்னைத் தூக்க ஒரு ஆள் வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே கம்யூனிட்டி காலேஜில் போய்ப் பெயர் கொடுத்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் டெஸ்ஸா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"மிஸ் லோர்னா, சத்தியமா நான் எழுந்திரிக்கத்தான் போனேன். முப்பதுன்னு எழுதியிருந்துச்சா, மனசுக்குள்ள எண்ணிட்டு இருந்தேன்."

"எத்தன வரைக்கும் எண்ணுன?"

"அஞ்சு."

"முப்பது விநாடியில நான் ஒரு கிழவருக்குச் சட்டையும் போட்டுவிட்டு, பல்செட்டையும் மாட்டிவிட்டுருவேன், கண்ணு."

"தெரியுது. நீங்க தூக்குன தூக்குல நான் நிஜமாவே கிழவி ஆயிட்டேன். நம்மால ஒண்ணும் முடியாதுன்னு தோணிருச்சு."

டெஸ்ஸா விளையாட்டாகத்தான் சொன்னாள். லோர்னா வண்டிக்குள் உட்கார்ந்து, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினாள்.

சொல்லி என்ன, அவளைப் பழக்கியவர்கள் அப்படி. அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் பதினோரு பேரை எழுப்பி, கழுவி, உடுத்தி, சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு ஆளுக்கு எட்டு நிமிடம். அதில் ஒருத்தி கிழவரின் கால் தரையில் ஊன்றும்வரை பொறுத்து நின்றால், அந்தக் கட்டடத்தில் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர். லோர்னாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நல்ல வேலைக்காரி என்று சுவரில் அவள் படத்தை இரண்டு முறை மாட்டியிருக்கிறார்கள். அந்த நல்ல பெயர்தான் இப்போது அவள் காலை வாரிவிட்டது.

வீட்டில் டெல்மர் இருந்தான். அவள் கணவன், ஐம்பத்திரண்டு வயது, நிலக்கரி லாரி ஓட்டியவன். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. ஆறு வாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தாள். காப்பீட்டுக்காரர்கள் போதும் என்றதும் அவளும் நின்றுவிட்டாள். செய்ய வேண்டிய பயிற்சிகளை அவள் எழுதிக் கொடுத்த தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியபடியே மஞ்சளாகிவிட்டது. வாரத்தில் நான்கு நாள் வகுப்பு, மூன்று நாள் வேலை. இதற்கு நடுவில் யார் அதைச் செய்வது? சாய்வு நாற்காலியிலிருந்து டெல்மரைத் தூக்கி நிறுத்த லோர்னாவுக்கு நாலு விநாடி போதும். தூக்குவாள், திருப்புவாள், உட்கார வைப்பாள், அடுத்த வேலைக்குப் போவாள். இடது தோள் வலிக்கிறது என்று அவன் சில மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்தாள்.

தோற்ற அன்றே, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"உன்னை வச்சு ஒரு தடவ பழகிக்கறேன்."

"நான் என்ன உன் பாடப் புஸ்தகமா?"

"முப்பது விநாடி உன்னைத் தொடாம நிக்கணும். அவ்வளவுதான்."

"நீயா? முப்பது விநாடியா?" டெல்மரின் வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கும், ஆனால் அந்த ஒரு பக்கமே போதுமானதாக இருந்தது. "கல்யாணத்தன்னிக்கு உங்கப்பா வந்து கூட்டிட்டுப் போறதுக்குள்ள நீயே சர்ச்சுக்குள்ள வந்து நின்னவ."

பட்டையைக் கட்டினாள். எழுந்திரு என்றாள். அவன் முன்னால் சாய்ந்தான். வலது கால் நகர்ந்தது, இடது கால் நகரவில்லை. உடம்பு பாதியில் நின்று நடுங்கியது. அடுப்பில் சோள ரொட்டி வேறு கருகுகிற வாசனை. அவ்வளவுதான், லோர்னா அவனைத் தூக்கி மேஜைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள்.

"எத்தன விநாடி?" என்று கேட்டான் டெல்மர்.

"சாப்பிடு."

அவளுக்கு அவமானமாக இருந்தது. யார் மேல் என்று சொல்ல முடியாத ஒரு கோபமும் இருந்தது.

வியாழக்கிழமை இல்லத்திலிருந்து போன் வந்தது. இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை, நீ வந்தால்தான் உண்டு என்றார்கள். நாளைக்குத் தேர்வு என்று சொல்லிப் பார்த்தாள். ரொம்ப சந்தோஷம், எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டார்கள். போனாள். இரண்டு பேர் வேலையையும் சேர்த்து இருபத்திரண்டு பேரைத் தூக்கினாள், கழுவினாள், புரட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் தலை வாரச் சீப்பை எடுத்தபோது வலது கை காதுக்கு மேல் போகவில்லை. இடது கையால் வாரிக்கொண்டு காலேஜுக்கு வண்டியை விட்டாள்.

டெஸ்ஸா நேடாவிடம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி நோயாளியாக வந்திருந்தாள். காபி டப்பாவிலிருந்து சீட்டு எடுத்துப் படித்துவிட்டு முகத்தை இறுக்கிக்கொண்டாள். நேடா ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஆரம்பிங்க" என்றாள்.

கை கழுவல், பெயர், தேதி, பிரேக், கால் தாங்கி, பட்டை. எல்லாம் ஆயிற்று. டெஸ்ஸாவை நாற்காலியின் நுனிக்கு நகரச் சொன்னாள். பாதங்களைப் பின்னால் இழுத்து வைக்கச் சொன்னாள். தன் முழங்காலை டெஸ்ஸாவின் இடது முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, பட்டையைக் கீழிருந்து பிடித்தாள்.

"மூக்கு கால்விரலைத் தாண்டி வர்ற அளவுக்கு முன்னாடி சாய்ங்க. எழுந்திரிங்க."

டெஸ்ஸா அசையவில்லை.

ஐந்து விநாடி போயிற்று. லோர்னாவின் வலது கை புறப்படத்தான் பார்த்தது. தோளுக்குள் சுருக்கென்று ஒரு குத்தல், கை அங்கேயே நின்றுவிட்டது. இந்தக் கையால் இன்று ஒரு தலையணையைக்கூடத் தூக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பதினைந்து விநாடி. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. நிற்பதற்கே தெம்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். படிப்பு போகட்டும், வேலை போகட்டும், இந்தப் பெண் எழுந்தால் எழட்டும், எழாவிட்டால் இரண்டு பேரும் மத்தியானம்வரை இப்படியே இருப்போம் என்று தோன்றியது. இருபத்தைந்து. டெஸ்ஸாவின் உடம்பு முன்னால் வந்தது. அரையடி மேலெழுந்து, தொப்பென்று மறுபடி உட்கார்ந்தது.

லோர்னா பட்டையை விடவில்லை, இழுக்கவும் இல்லை. "பரவாயில்ல. இன்னொரு தடவ பாப்போம். நான் எங்கயும் போகல" என்றாள். அது உண்மைதான். எங்கேயும் போக அவளிடம் தெம்பு இல்லை.

இரண்டாவது தடவை டெஸ்ஸா தானாக எழுந்து நின்றாள்.

நேடா எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு தாளைத் திருப்பிக் காட்டினாள். தேறிவிட்டாள்.

"முப்பத்தெட்டு விநாடி நின்னீங்க. மூணு நாள்ல எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கல மேடம். தூக்கத் தெம்பில்ல."

நேடா சிரிப்பாள் என்று லோர்னா நினைத்தாள். நேடா சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்றாள். "அப்புறம் அந்தத் தோளை யார்கிட்டயாவது காட்டுங்க. உங்க உடம்பையும் பாத்துக்கணும்னுதானே நாங்க இங்க சொல்லிக் குடுக்கறோம்?"

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. தேறிவிட்டேன் என்று டெல்மரிடம் சொன்னாள். அவன் நல்லது என்றான். அவனுக்குப் பசி.

"தூக்கி விடு. பீன்ஸ் சூடாகிடுச்சா?"

"வச்சிருக்கேன். நீ எழுந்திரு."

"தூக்கு, லோர்னி."

"இன்னிக்குக் கை வராது. நீயா எழுந்திரிச்சா சாப்பாடு."

"வரலன்னா?"

"ரெண்டு பேரும் பட்டினி."

அவனுக்குப் பட்டையைக் கட்டினாள். சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். அவன் இடது முழங்காலில் தன் முழங்காலை ஒட்டினாள். பட்டைக்குள் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். எழுந்திரு என்று ஒரு தடவை சொன்னாள். டெல்மர் முறைத்தான். ஏதோ முணுமுணுத்தான். பிறகு தன் கால்களைக் குனிந்து பார்த்தான். லோர்னாவும் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் சொருகிவிட்டது.

நோயாளியின் பட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்குவதற்கு எந்த ஆசிரியையும் மதிப்பெண் போட மாட்டாள். பூஜ்யம் போட்டு அப்போதே வெளியே அனுப்புவாள்.

கை மேலே இழுபட்டதில்தான் விழித்தாள். பட்டை அவள் தலைக்கு நேராக இருந்தது. அவளுடைய இடது தோளில் ஒரு கனம் அழுத்தியது. நிமிர்ந்தாள். டெல்மர் நின்றுகொண்டிருந்தான். வலது கையை அவள் தோளில் ஊன்றி, முகமெல்லாம் வியர்த்து, இடது கால் நடுங்க, முழு உயரத்துக்கும் நின்றுகொண்டிருந்தான். அவன் இவ்வளவு உயரம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"தூங்கிட்டியா?" என்றான்.

"இல்ல."

"தூங்கின. குறட்டகூட வந்துச்சு." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அதான் எழுந்திரிக்க முடிஞ்சுது."

அவன் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். எட்டு மாதமாக ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும், இவன் ஆரம்பிப்பதற்குள் அவள் முடித்துவிட்டிருக்கிறாள். அன்புதான் என்று நினைத்துத்தான் செய்தாள். அவளைக் கேட்டால் வேறென்ன சொல்வாள்?

அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள், அடுப்புப் பக்கம் போகவில்லை. டெல்மர் மேஜையைப் பார்த்தான், பிறகு தன் இடது காலைப் பார்த்தான். அவன் அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.