ரூட்டுக்கு ஒரு நகல்

அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் ஜோசியர். எல்லா வேலையும் ஓடும் மையக் கணினியான சர்வர் படுக்கப்போவது முதல் நாளே எனக்குத் தெரிந்துவிடும் என்று பேர். அந்தப் பேரை வைத்தே இரண்டு பதவி உயர்வு வாங்கிவிட்டேன். உண்மையில் ஜோசியம் வந்துகொண்டிருந்தது என் மனைவி வழியாக.

"ஏங்க, அண்ணன் போன் பண்ணாரு. உங்க ஆபீஸ்ல டிஸ்க் நிறைஞ்சிடப் போகுதாம். பாத்துக்கச் சொன்னாரு."

அண்ணன் என்றால் என் மச்சான். எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர். என்னை இங்கே சேர்த்துவிட்டவரும் அவரே. ஆறு வருஷத்துக்கு முன் ஆட்குறைப்பில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் இருப்பவருக்கு இது எப்படித் தெரிகிறது என்று நான் கேட்டதே இல்லை. பழைய ஆள், மூக்கு வேர்த்துவிடுகிறது என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை ஜோசியர் மாட்டிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு வாடிக்கையாளருக்குப் புதிய மென்பொருள் போயாக வேண்டும். அதைத் தொகுத்துத் தரும் பில்ட் ஓடவில்லை, மெயிலும் நகரவில்லை. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன ஜோசியரே, இதுக்கு மட்டும் ஜாதகம் பாக்கலியா?"

"பாத்துக்கிட்டேதான் சார் இருக்கேன்."

"பன்னெண்டுக்குப் போகலன்னா எனக்கும் சேத்துப் பாத்துருங்க."

டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்திருந்தது. தின்றது, அனுப்பக் காத்துக்கிடக்கும் மெயில்களின் வரிசை. தோற்றுப்போகும் ஒவ்வொரு பில்டும் தன் முழுப் புலம்பலையும் இணைத்து ரூட்டுக்கு ஓர் எச்சரிக்கை எழுதும். ரூட் என்பது சர்வரின் எசமான் கணக்கு, அதாவது நான். அந்த எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் வெளியே போக முடியாமல் கிடந்தன. இடமில்லாமல் பில்ட் தோற்றது. தோற்றதை இன்னொரு மெயிலில் எழுதி இருந்த இடத்தையும் அடைத்தது.

எனக்கு வர வேண்டியது எதற்கு வெளியே போகிறது? எந்தக் கணக்கின் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்பைத் திறந்தேன். ரூட்டுக்கு எதிரே மச்சானின் சொந்த முகவரி. அவர் போன அன்றே மாற்றியிருக்க வேண்டிய வரி. மாற்ற வேண்டியவன் நான். எனக்கு ஆறு வருஷமாக ஓர் எச்சரிக்கைகூட வராததை என் நிர்வாகத் திறமை என்று நினைத்திருந்தேன்.

துரத்திவிட்ட இடத்தின் குப்பையைத் தினமும் படித்து, அழித்து, தங்கைக்கு போன் போட்டிருக்கிறார் மனிதர்.

மூன்று வாரமாக அவர் முகவரியிலிருந்து தானாகத் திரும்பிவந்தது ஒரே பதில்: பெட்டி நிறைந்துவிட்டது. ஏன் திடீரென்று அழிப்பதை நிறுத்தினார்? பதிவேட்டில் பின்னோக்கிப் போனேன். போன மாதம் ஒன்பதாம் தேதி, தடித்தடியான எச்சரிக்கைகளுக்கு நடுவே ஒரு சின்ன மெயில். அனுப்பியவன் நான். அவரிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

எனக்குக் கீழே ஓர் இடம் காலியாகி, மச்சான் விண்ணப்பித்திருந்தார். மேனேஜர் என் கருத்தைக் கேட்டார். சர்வர் முன்னால் உட்கார்ந்தபடியே எழுதினேன்: "நல்ல மனிதர். ஆனால் காலம் அவரைத் தாண்டிவிட்டது. எனக்குச் சுமையாகத்தான் இருப்பார்." நான் ஒழுங்கானவன் ஆயிற்றே! கைவசம் இருக்கட்டும் என்று எனக்கும் ஒரு நகல் போட்டுக்கொண்டேன். நகல் முகவரி: ரூட்.

வரிசையைக் காலி செய்தேன். அவர் முகவரியை எடுத்துவிட்டு என் பெயரை எழுதினேன். பதினொன்றே முக்காலுக்கு பில்ட் பச்சை காட்டியது.

"ஜோசியர்னா ஜோசியர்தான்யா!" மேனேஜர் முதுகில் தட்டினார். "அன்னைக்கு நீங்க சொன்னதும் சரி. அந்தப் பழைய ஆள எடுத்திருந்தா இன்னைக்கு நாறியிருக்கும்."

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்கு போன் செய்தேன்.

"உங்க அண்ணன் ஏதாவது பேசினாரா?"

"இந்த மாசம் நானா கூப்பிட்டாத்தான் உண்டு. வேலை கிடைக்கலன்னு வருத்தம்போல. நீங்க அவ்வளவு தூரம் சிபாரிசு பண்ணியும் நடக்கலியேன்னு அவருகிட்ட சொன்னேன்."

சிபாரிசு செய்ததாக அவளிடம் சொல்லியிருந்தவனும் நானே.

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஆமாம்மா, மாப்பிள்ளை தன்னால முடிஞ்சதச் செஞ்சுட்டாருன்னாரு. ஏங்க, சாயங்காலம் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வருவமா?"

கண்ணாடிக் கதவு வழியாக என் திரை தெரிந்தது. பில்ட் பச்சை. வரிசையில் ஒன்றுமில்லை.

"இன்னைக்கு சர்வர்ல வேலை தலைக்கு மேல இருக்கு" என்றேன்.