வியாழக்கிழமை வான்

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பாரிசிலிருந்து வரும் ஒரு சிற்றிதழின் ஆசிரியர், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதால் நம்மவர்களின் வியாபாரத்துக்கு என்ன நேர்ந்தது என்று எழுதித் தரச் சொன்னார். "கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் அரசியல், நடுவிலை ரெண்டு கடைக்காரரின்ரை வாய்" என்பது அவர் தந்த சமையற் குறிப்பு. நான் டென்மார்க்கில், ஒடென்சே நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பொருளாதாரம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கடைக்காரரைத் தெரியும்.

மேரிசெலின் அக்காவின் பலசரக்குக் கடை, இப்போது ட்ராம் ஓடும் வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மன்னாரில் பிறந்தவர்; கணவர் இறந்தபின் தனியாகக் கடையை நடத்துகிறவர். கைபேசியில் பதிவை அழுத்திவிட்டு, பிரிட்டன் விலகியதால் என்ன நட்டம் என்று கேட்டேன்.

"ஒரு நட்டமும் இல்லைத் தம்பி. முந்தி லண்டனிலையிருந்து வந்த சாமான் இப்ப ஒல்லாந்திலையிருந்து வருது. விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. கருவாடுகூட வருது."

கட்டுரை அந்த இடத்திலேயே செத்துப்போனது. பதிவை நிறுத்தினேன். அவர் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"சாமான் வருது. கொண்டு வந்தவர்தான் வாறேல்லை."

2

எப்படித் தொடங்குவது?

முதல் தொடக்கம்: "2016ஆம் ஆண்டு ஆனி மாதம் பிரித்தானிய மக்கள் வாக்களித்தபோது, அதன் அதிர்வு வட கடலைக் கடந்து…" [அடித்துவிட்டேன். எந்த அதிர்வும் கடக்கவில்லை. அன்று கடையில் குளிர்பெட்டி பழுதாகி, மீன் கெடமுன் யாரைக் கூப்பிடுவது என்ற யோசனையில் அக்கா இருந்தாராம். ஒரு நாடு வெளியேறுவது அவருக்கு அந்நியர் வீட்டு விவாகரத்துப்போல.]

இரண்டாம் தொடக்கம்: "மன்னார்க் கடலில்…" [வேண்டாம். ஊரில் தொடங்கினால் ஊரைவிட்டு வெளியே வரவே கதைக்கு மூன்று பக்கம் செல்லும்.]

மூன்றாவது: "வான் வந்து நின்றது."

இது போதும்.*

* வான் என்றதும் ஆகாயத்தை நினைக்கும் வாசகருக்கு: இதற்கு நான்கு சக்கரங்கள். வெள்ளை நிறம். பக்கவாட்டில் பெரிய கீறல்.

இன்னொன்று. கடையில் அவர் எனக்குச் செலினக்கா. கதைக்குள் 'அவள்' என்று எழுதலாமோ என்று கேட்டேன். "வயது குறையுமெண்டால் எழுதும்" என்றார்.

3

வான் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் குருசுமுத்து. லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் இருப்பவர், பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவர், சொந்த ஊர் பேசாலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில் வருவார். ஹார்விச்சில் கப்பலேறி, ஒல்லாந்தில் இறங்கி, ஜெர்மனியைக் குறுக்கறுத்து வந்து, இன்னொரு டெனிஷ் நகரான ஹேர்னிங்கில் பாதியை இறக்கிவிட்டு மீதியோடு ஒடென்சே வந்து சேர்வார். எந்த எல்லையிலும் யாரும் அவரைப் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. நெத்தலிக் கருவாடு, மாசி, வல்லாரை, ராசவள்ளிக் கிழங்கு என்று பெட்டி பெட்டியாக இறங்கும். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், சுவரோடு சுவராக, வாய்ப் பக்கம் வெளியே தெரியும்படி அடுக்கிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார்.

முதல் வருடம் அவள் அவரை "முத்தண்ணை" என்றாள். அவர் அவளைத் "தங்கச்சி" என்றார். இரண்டாம் வருடத்தில் ஒருநாள், எதற்காக என்று இருவருக்கும் தெரியாமல், "அண்ணை" அவளுடைய வாயிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. அடுத்த முறை அவரும் தங்கச்சி என்று சொல்லவில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. நான்கைந்து வருடங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் எதுவும் சொல்லி அழைக்காமலே கதைத்தார்கள். "தேத்தண்ணி ஆறுது." "அந்தப் பெட்டி பாரம்." "பாதையிலை மழையோ?"

ஒரு தடவை கடை நிறையச் சனம் நிற்கும்போது, உள்ளேயிருந்து, "இஞ்சேருங்கோ, கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது" என்றுவிட்டாள். மனைவி கணவனைக் கூப்பிடும் சொல். கடையில் யாரும் கவனிக்கவில்லை. அவர் கதவைச் சாத்தினார். நெடுநேரம் அந்தக் கைபிடியிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான்கு தேசத்து வீதிகளில் ஓடுகிற ஒரு மனிதர், ஒடென்சேயில் மட்டுமா தேத்தண்ணி குடித்திருப்பார்? அப்படி நல்லவராகவே இருந்தால் கதை தட்டையாகிவிடும் என்று எழுத்தாளப் புத்தி சொன்னது. இரண்டாவது வரைவில் அவருக்கு லண்டனில் ஒரு மனைவியை வைத்தேன். பெயர்கூட வைத்தேன், பரமேஸ்வரி.

செலினக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பல்லி மிட்டாய்ப் போத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அவரின்ரை மனிசி மோசம் போய்க் கனகாலம். ஏன் பொய் எழுதுறீர்?"

"கதைதானே அக்கா."

"கதையெண்டாலும் செத்தவவை எழுப்பி அலைக்கழிக்கப்படாது."

பரமேஸ்வரி போய்விட்டார். குருசுமுத்து நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர்களுக்கும் நேரம் தவறிப்போகும் என்பதைத்தான் இந்தக் கதை சொல்லப் போகிறது [இந்த வசனத்தை அடிக்க வேண்டும், கதையே சொல்லட்டும்.]

5

2020 மார்கழி. நோய்க்காலம். பிரிட்டன் முழுதாக விலக அந்த மாதக் கடைசிதான் கெடு. கடைவாசலில் ஒருவருக்கொருவர் தள்ளி நிற்கும்படி ஒட்டிய மஞ்சள் நாடாக்கள். முகமூடிக்கு மேலே இரண்டு கண்களோடு குருசுமுத்து வானோடு கடைசித் தடவையாக வந்தார். கடைசி என்று இருவருக்கும் தெரியாது.

சாமான் எல்லாம் இறக்கியாயிற்று. போகாமல் ஒரு வெறும் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"இந்த மாதம் முடிய முன்னம் இஞ்சை பதிஞ்சால், இருக்கலாமாம்" என்றார். "பிறகெண்டால் கஷ்டமாம். ஹேர்னிங்கிலை கதைச்சவை."

"அப்பிடியோ" என்றாள் மேரிசெலின்.

"ஓமாம்."

குளிர்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு சொல்: நில்லுங்கோ. பை ஒன்றோடு வந்து பதிந்துவிட்டு இருந்துவிடலாம். கலியாணமும் தேவையில்லை, காரணமும் தேவையில்லை. ஆனால் மகள் ஸ்ரெபானியிடம் ஒரு சொல் கேட்காமல் எப்படி? சனம் என்ன சொல்லும்? தை மாதம் திரும்ப வருவார்தானே, அப்போது ஆறுதலாகச் சொல்லலாம். சட்டம் என்பது பெரிய பெரிய கப்பல்களுக்கு; ஒரு வெள்ளை வானை யார் பார்க்கப் போகிறார்கள்?

"பாதை வழுக்கும்" என்றாள். "கவனமாப் போங்கோ."

போனார்.

தையில் வான் வரவில்லை. சுங்கப் பத்திரம், மீனுக்குச் சுகாதாரச் சான்றிதழ், மரக்கறிக்கு வேறொன்று என்று கப்பல்துறையில் கேட்டார்கள். பெரிய கம்பெனிகள் அதற்கு ஆள் வைத்தன. குருசுமுத்துவிடம் குருசுமுத்து மட்டும்தான் இருந்தார்.

[சிற்றிதழ் ஆசிரியர் இந்தப் பந்தியை விரும்புவார். ஒரு கண்டத்தின் வணிகக் கொள்கை இதற்குள் இருக்கிறது. நான் எழுத விரும்பியதோ அந்த வெறும் பெட்டியைப் பற்றி.]

6

தொலைபேசியில் கதைத்தார்கள். தொலைபேசியில் தேத்தண்ணி ஆறாது, பெட்டி பாரமில்லை. கதைக்கப் பொருள் குறைந்துகொண்டே போனது.

நோய் அடங்கிய வருடம், அவர் விமானத்தில் பில்லுண்டில் வந்து இறங்கினார், உல்லாசப் பயணியாக. மூன்று மாதத்துக்கு மேல் தங்க முடியாது. கடையில் காசுமேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தார். வான் இல்லாமல் வந்தவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஒல்லாந்துச் சாமான் வந்தது. போலந்துக்காரச் சாரதி வாசலில் இறக்கிவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனான். குருசுமுத்து பழக்கதோஷத்தில் எழும்பி அரிசி மூட்டையைத் தோளில் போட்டார். கடையில் நின்ற சிவபாதம் என்ற வாடிக்கையாளர், நல்ல மனுசர்தான், பாதி பகிடியாகச் சொன்னார்:

"அண்ணை, விசிற்றிலை வந்தனீங்கள் வேலை செய்யக்கூடாது. ஆரும் அறிவிச்சால் செலினக்காவுக்குத்தான் தண்டம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"வையுங்கோ" என்றாள். "நீங்கள் தூக்கக்கூடாது."

குழந்தையை இறக்குவதுபோல மூட்டையை இறக்கிவைத்தார். மூன்று மாதம் இருக்கலாம் என்று வந்தவர் அந்தக் கிழமைக்குள் போய்விட்டார். அந்த மூட்டைகளை அவள் தனியாக உள்ளே இழுத்தாள். வாய்ப் பக்கம் வெளியே தெரிய அடுக்க முடியவில்லை.

7

இதோடு முடித்திருந்தேன். சோகமான, கௌரவமான முடிவு. சிற்றிதழுக்கு அனுப்பவும் ஆயத்தமானேன். ஆனால் பாத்திரங்கள் எழுத்தாளனைக் கேட்டா நடக்கிறார்கள்? இந்த வருடம் வசந்தத்தில் செலினக்கா கடையைப் பூட்டி, 'விடுமுறை' என்று டெனிஷில் எழுதித் தொங்கவிட்டு லண்டன் போய்விட்டார். இவ்வளவு காலத்தில் முதல் தடவை. அங்கே போக முன்கூட்டியே கைபேசியில் ஓர் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது; ஸ்ரெபானி எடுத்துக் கொடுத்தாள். எதற்குப் போகிறாய் என்று மகள் கேட்கவில்லை. தாயும் சொல்லவில்லை.

ஈஸ்ட்ஹாமில், அவர் வீட்டு வீதியில் ஒரு மரத்தின் கீழே வான் நின்றது. மேலெல்லாம் காகத்தின் எச்சம். அவர் இப்போது வேறொரு கம்பெனிக்கு லண்டனுக்குள்ளேயே பொதி விநியோகிக்கிறார். திறந்து காட்டச் சொன்னாள். உள்ளே எதுவுமில்லை, கருவாட்டு மணம் மட்டும் போகாமல் இருந்தது. முன் ஆசனத்தில் ஏறி இருந்தாள். அவரும் மற்றப் பக்கத்தால் ஏறினார்.

"ஏறுங்கோ எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை" என்றாள்.

"கேட்டால் ஏறியிருப்பீங்களோ?"

"இல்லை."

கண்ணாடிக்கு வெளியே சனம் போய்வந்தது.

"கடைக்கு ஒரு ஆள் தேவை."

"வேலைக்கோ?"

"வேலை செய்ய விடாங்கள். முதலிலை கலியாணம்."

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார், ஓடாத வானில். "சனம் விசாவுக்குக் கட்டினதெண்டு கதைக்கும்."

"கதைக்கட்டும். கதைக்கிற சனத்துக்குத்தானே இவ்வளவு காலமும் கருவாடு வித்தனான்."

ஆவணியில் ஒடென்சே நகரமண்டபத்தில் கலியாணப் பதிவு எழுதினார்கள். அவர் இங்கே வாழும் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவு வரும்வரை இங்கேயே இருக்க வழியுண்டோ என்று விசாரிக்கலாம் என்றாள் ஸ்ரெபானி. ஆனால் அதுவரை வேலை செய்ய முடியாது. "கதிரையிலை இருந்து மூட்டையைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது பிள்ளை" என்று அவர் திரும்பிப் போய்விட்டார்.

8

இனி முடிவு. மூன்று எழுதிவைத்திருந்தேன். அவர் வருகிறார். அவர் வரவில்லை. கடையை விற்றுவிட்டு அவள் போகிறாள். மூன்றையும் கேட்டுவிட்டு, செலினக்கா முதலாவதைத்தான் முதலில் வெட்டினார்.

"கதையிலை அவரைக் கொண்டு வராதையும். வந்தால் நேரிலை வரட்டும்." பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "எழுதத் தெரிஞ்சனீர்தானே. இதை எழுதித் தாரும்."

குடிவரவு அலுவலகத்துக்கான விண்ணப்பம். நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள், உறவு எப்படி வளர்ந்தது, விவரிக்கவும். கீழே ஒரு வெள்ளைப் பெட்டி.

ஆக, இந்தக் கதையைத்தான் நான் டெனிஷில் திருப்பி எழுதினேன். 'அண்ணை' கழன்று விழுந்ததை எழுத அந்த மொழியில் இடமில்லை. ஏக்கத்துக்கு 'லெங்ஸெல்' என்று நல்ல சொல் உண்டு. அதை எழுதிவிட்டு, அலுவலகத்துக்கு எதற்கு என்று அழித்தேன். உறவு தொடங்கிய திகதி என்று ஒரு கேள்வி. செலினக்கா தொலைபேசியில் அவரிடம் கேட்டார். அவர் யோசிக்கவேயில்லை.

"நீங்கள் பாதை வழுக்கும் எண்ட நாளை எழுதச் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அனுப்ப முன் பிழை பார்க்க ஸ்ரெபானி வந்தாள். இங்கே பிறந்தவள், தாதியாக வேலை செய்கிறாள். நோயாளியின் அறிக்கையை வாசிப்பதுபோல ஒரே குரலில் வாசித்தாள். வான் நின்றுபோன பிறகு நடந்த ஒரு விடயத்தை நான் அதில் சேர்த்திருந்தேன், செலினக்கா முந்தின நாள்தான் சொன்னது. அந்த வசனத்தில் அவள் குரல் நின்றது: இரண்டு கிழமைக்கு ஒருமுறை வியாழக்கிழமைகளில், வான் நிறுத்துமிடத்தில் வேறு யாரும் நிறுத்தாதபடி மேரிசெலின் இரண்டு வெறும் பெட்டிகளை வைத்துவருகிறார்.

"அம்மா" என்றாள். மீதியை டெனிஷில் கேட்டாள்: அந்தப் பெட்டிகள் இதற்கா? என் காரை நிறுத்த அவற்றை நானல்லவா எடுத்து எடுத்து உள்ளே வைத்தேன்?

"ஓம்" என்றார் செலினக்கா. "நீ போனாப்போலை நான் திருப்பி வைப்பன்."

ஸ்ரெபானி ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள். அந்த வசனத்தை இன்னொருமுறை மெல்லத் தனக்குள் வாசித்தாள். அனுப்பினாள்.

பதில் வரப் பல மாதம் செல்லுமாம். எங்கோ ஒரு மேசையில், பெயர் தெரியாத ஓர் அலுவலர் இதை வாசிப்பார். இதன் முடிவை எழுதும் உரிமை அவருக்குத்தான் இருக்கிறது. எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அவர் இன்னும் முதல் வரிக்கே வரவில்லை. நீங்கள் அவரை முந்திவிட்டீர்கள். எல்லாவற்றையும் வாசித்துவிட்டீர்கள், அவருக்கு நான் எழுதாமல் விட்டவற்றையும்கூட.

நீங்கள் அந்த மேசையில் இருந்தால் என்ன எழுதுவீர்கள்?